பதிவு செய்ய ஒரு கேசட் டெக்: எதை வாங்குவது?

கேள்வி சுருக்கமாக இது: "அப்பா சேர்த்து வைத்த எல்.பி. தட்டுகள் நாற்பது இருக்கின்றன. நான் கீபோர்டும் வாசிப்பேன். இரண்டையும் கேசட்டில் பதிய நல்ல டெக் ஒன்று வேண்டும். கடையில் புதிதாகக் கிடைக்கும் டபுள் டெக் போதுமா, பழைய மூன்று ஹெட் டெக்கைத் தேடிப் போகலாமா? ஜப்பானிய நாகமிச்சி கம்பெனியின் டிராகன் டெக்தான் உச்சம் என்கிறார்களே, காசு சேர்த்து அதையே வாங்கிவிடலாமா?"

டிராகன் வேண்டாம். புது டபுள் டெக்கும் வேண்டாம். 1980களின் பிற்பாதியிலோ 90களின் முற்பாதியிலோ வந்த டெக்காகப் பாருங்கள். ஒரே ஒரு கேசட் போடுவதாக, மூன்று ஹெட் (டேப்பைத் தொட்டு அழிக்கும், பதியும், ஒலிக்கும் காந்த முனைகள்) உள்ளதாக, டேப்புக்கு ஏற்பப் பதிவைச் சரிசெய்யும் பையாஸ் குமிழ் முன்பக்கத்திலேயே இருப்பதாக அது இருக்கட்டும். ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கை அதைப் பழுது பார்ப்பதற்கென்று தனியே எடுத்து வைத்துவிடுங்கள். பதில் இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்.

எண்பதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். ஆட்கள் ஒரு நோட்டுத் தாளில் பாட்டு வரிசையை எழுதிக்கொண்டு வருவார்கள், வெற்று கேசட்டையும் கொடுத்துவிட்டுப் போவார்கள், இரண்டு நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்வார்கள். தீபாவளி நேரத்தில் கூட்டம் தாங்காது. அப்போது முதலாளி டபுள் டெக்கில் இரட்டை வேகத்தில் நகலெடுக்கச் சொல்வார். ஒரு பெரியவர் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, "பாட்டுக்குக் கம்பளி போர்த்திவிட்ட மாதிரி இருக்கேப்பா" என்றார். அவர் சொன்னது சரி. நாங்கள் பதிந்தோமே தவிர, பதிந்தது எப்படி இருக்கிறது என்று யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. அந்த டெக்கில் பதியும்போதே கேட்கவும் வழியில்லை.

மூன்று ஹெட் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான். சாதாரண டெக்கில் அழிக்க ஒரு ஹெட், பதிவதற்கும் ஒலிப்பதற்கும் பொதுவாக இன்னொன்று. பதியும் ஹெட்டின் இடைவெளி சற்று அகலமாக இருக்க வேண்டும், ஒலிக்கும் ஹெட்டின் இடைவெளி மிகக் குறுகலாக இருக்க வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே ஹெட் செய்தால் இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும். மூன்று ஹெட் டெக்கில் அவை தனித்தனி. அதைவிடப் பெரிய லாபம், டேப் பதியும் ஹெட்டைத் தாண்டி ஒரு நொடிக்குள்ளாகவே ஒலிக்கும் ஹெட்டுக்கு வந்துவிடும். முகப்பில் 'டேப் / சோர்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை மாற்றி மாற்றி அழுத்தினால் தட்டில் ஓடும் பாட்டும் டேப்பில் விழுந்த பாட்டும் அடுத்தடுத்துக் காதில் விழும். வித்தியாசம் கேட்டால் அங்கேயே திருத்தலாம். முதல் மூன்று ஹெட் கேசட் டெக்கை 1973-ல் கொண்டுவந்தது நாகமிச்சிதான், மாடல் 1000. பிறகு எல்லா ஜப்பானியக் கம்பெனிகளும் செய்தன. பலவற்றில் பதியும் ஹெட்டும் ஒலிக்கும் ஹெட்டும் ஒரே கூட்டுக்குள் ஒட்டியே இருக்கும். வீட்டு உபயோகத்துக்கு அது ஒரு குறையல்ல, சொல்லப்போனால் இரண்டும் சேர்ந்தே நேராக இருப்பது வசதிதான்.

நேராக இருப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். ஃபிலிப்ஸ் 1963-ல் இந்தக் கேசட்டை அறிமுகப்படுத்தியபோது அது பெரும்பாலும் பேச்சுப் பதிவுக்கான கையடக்கச் சாதனம். டேப்பின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை, ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். அந்த வேகத்தில் 15,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை டேப்பில் பிடிக்கும் நீளம் சுமார் 3.2 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு. ஸ்டீரியோவில் ஒரு தடத்தின் அகலம் சுமார் 0.6 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஹெட் வெறும் 0.3 டிகிரி சாய்ந்திருந்தாலே தடத்தின் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் ஒரு முழு அலை வித்தியாசம் வந்து, அந்த ஒலி தன்னைத் தானே அழித்துக்கொண்டுவிடும். ஜால்ராவும் சலங்கையும் காணாமல் போய், மிருதங்கத்தின் தொப்பி மட்டும் மிஞ்சும். இந்தச் சாய்வைத்தான் அசிமத் என்கிறார்கள். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன ஸ்க்ரூவில் இருக்கிறது எல்லாம். தெரியாமல் அதைத் திருகிவைத்த டெக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது டிராகனுக்கு வருவோம். 1982-ல் வந்த அந்த டெக்கின் பெருமை முழுக்க இந்த அசிமத்தில் இருக்கிறது. ஒலிக்கும் ஹெட்டே டேப்பைப் பார்த்து, சாய்வைக் கண்டுபிடித்து, ஒரு குட்டி மோட்டாரால் தன்னைத் தானே திருப்பிக்கொள்ளும். எங்கெங்கோ பதிந்த கேசட்டுகளைக் கேட்பவருக்கு அது வரம். ஆனால் அந்த வித்தை ஒலிக்கும்போது மட்டும்தான், பதியும்போது அல்ல. உங்கள் டெக்கில் பதிந்து உங்கள் டெக்கிலேயே கேட்கப் போகிறீர்கள், சாய்வு பிரச்சினையே பெரிதாக வராது. வராத வியாதிக்கு அவ்வளவு விலையில் மருந்து எதற்கு? போதாததற்கு உள்ளே அத்தனை மோட்டார், அத்தனை சர்க்யூட். கெட்டுப்போனால் பார்க்கத் தெரிந்த கை நம் பக்கத்தில் அரிது. டிராகன் நல்ல பதிவும் செய்யும், அதை மறுக்கவில்லை. விலைக்கும் உங்கள் தேவைக்கும் சம்பந்தமில்லை என்கிறேன்.

புதிதாகக் கடையில் கிடைப்பது டியாக் டபிள்யூ-1200, டாஸ்காம் 202 மார்க் 7 போன்ற இரட்டை டெக்குகள். கம்ப்யூட்டருக்கு யு.எஸ்.பி. உண்டு, வாரண்டி உண்டு, பழைய கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்ற நல்ல துணை. ஆனால் மூன்று ஹெட் இல்லை, பையாஸ் குமிழ் இல்லை. டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பியும் இல்லை. டால்பி பி-யில் பதிந்த பழைய கேசட்டைக் கேட்க மட்டும் அதற்கு இணையான ஒரு சுற்றை வைத்திருக்கிறார்கள். பதிவுதான் நோக்கம் என்றால் 30 வருடப் பழைய டெக்கே மேல்.

பையாஸ் என்ற சொல் மறுபடி மறுபடி வருகிறது, விளக்கிவிடுகிறேன். டேப்பின் காந்தத் துகள்கள் சோம்பேறிகள். பாட்டை மட்டும் கொடுத்தால் அரைகுறையாகத்தான் அசையும், ஒலி கரகரக்கும். அதனால் காதுக்கு எட்டாத, சுமார் 100 கிலோஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஒன்றைப் பாட்டோடு கலந்து ஹெட்டுக்கு அனுப்புகிறார்கள். அதுதான் பையாஸ். கூடிப்போனால் ட்ரெபிள், அதாவது உயர்ந்த கூர் ஒலிகள், மங்கும். குறைந்துபோனால் ட்ரெபிள் தூக்கலாகி, கூடவே கரகரப்பும் வரும். சரியான அளவு ஒவ்வொரு டேப்புக்கும் ஒவ்வொரு மாதிரி. கம்பெனிக்காரர் 1990-ல் ஏதோ ஒரு டேப்பை வைத்து அளவை வைத்திருப்பார். நீங்கள் இன்று போடும் டேப் அது அல்ல.

செய்முறை எளிது. போனில் ஒயிட் நாய்ஸ் அல்லது பிங்க் நாய்ஸ், அதாவது அருவிச் சத்தம் போன்ற தொடர் இரைச்சல் ஒன்றை ஓடவிடுங்கள். மீட்டரில் மைனஸ் 20 அளவில் மெதுவாகப் பதியுங்கள். இதைச் சத்தமாகப் பதியக்கூடாது, உரத்த ட்ரெபிளை டேப்பே விழுங்கிவிடும், கணக்குத் தப்பும். பதிந்துகொண்டே டேப்புக்கும் சோர்ஸுக்கும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். டேப்பில் 'ஸ்ஸ்' மங்கலாக இருந்தால் பையாஸைக் குறையுங்கள், கூர்மையாக இருந்தால் கூட்டுங்கள். இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும் இடம் ஒன்று வரும். அந்த இடத்தைக் கேசட் அட்டையிலேயே பென்சிலால் குறித்து வையுங்கள். இதை டால்பியை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும். இரண்டு ஹெட் டெக்கில் இதே வேலைக்குப் பதிவு, ரீவைண்டு, கேட்பது, மறுபடி பதிவு என்று ஒரு சாயங்காலம் போய்விடும், பாதியில் வெறுத்துப்போய் விட்டுவிடுவீர்கள்.

இன்று இது முன்னைவிட முக்கியம். மெட்டல் டேப் தயாரிப்பு நின்று வெகுகாலமாகிவிட்டது, குரோம் வகையும் அப்படித்தான். இப்போது புதிதாக வருபவை பெரும்பாலும் டைப் 1, அதாவது இரும்பு ஆக்சைடு பூசிய சாதாரண ஃபெரிக். பிரான்சில் ரெக்கார்டிங் த மாஸ்டர்ஸ், அமெரிக்காவில் நேஷனல் ஆடியோ கம்பெனி இப்படிச் சிலர் செய்கிறார்கள். பிரிக்காத பழைய டி.டி.கே. எஸ்.ஏ., மேக்ஸெல் எக்ஸ்.எல்.2 கிடைக்கத்தான் செய்கின்றன, விலை கேட்டால் மயக்கம் வரும். ஆகவே 'மெட்டலுக்கும் ஏற்றது' என்று முகப்பில் பொன் எழுத்தில் எழுதியிருப்பதில் மயங்காதீர்கள். சாதாரண ஃபெரிக்கை எவ்வளவு நன்றாகக் கையாளுகிறது என்பதே உங்களுக்குக் கேள்வி, அதற்கு வழி பையாஸ் குமிழ். பெயர்போன கம்பெனிகளின் அட்டையைப் போட்டுப் போலி கேசட் விற்பது அன்றே இருந்தது. சில்லறை மிச்சம் என்று நானே ஒருமுறை ஒரு பெட்டி வாங்கி ஏமாந்தேன். ஹெட்டில் பழுப்புப் பொடி அப்பிக்கொண்டு, அன்றைக்குப் பதிந்த அத்தனையும் வீண். பழைய சரக்கு வாங்கும்போது எச்சரிக்கை.

நீளத்தில் சி-60 (இரு பக்கமும் சேர்த்து 60 நிமிடம்) எடுங்கள், போனால் சி-90. சி-60 டேப் சுமார் 18 மைக்ரான் தடிமன், சி-90 சுமார் 12, சி-120 சுமார் 9. கடைசியாகச் சொன்னதை வாங்கவே வாங்காதீர்கள், சுற்றிக்கொள்வதற்கென்றே பிறந்தது. எல்.பி.யின் ஒரு பக்கம் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான், சி-60-ன் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

இரைச்சல் குறைப்பு. டால்பி பி ட்ரெபிள் பகுதியில் சுமார் 10 டெசிபல் குறைக்கும், 1980-ல் வந்த சி சுமார் 20, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டெக்குகளில் வந்த எஸ் சுமார் 24. மூன்றுமே பதியும்போது மெல்லிய ஒலியைத் தூக்கி, கேட்கும்போது அதே அளவு இறக்கும். தூக்கியதும் இறக்கியதும் ஒத்துப்போகாவிட்டால் பாட்டு மூச்சு வாங்கும். டேப்பும் டெக்கும் பொருந்தாத இடத்தில் டால்பி சி அந்தக் குற்றத்தைப் பெரிதாக்கிக் காட்டும். டால்பியைத் திட்டும் பலர் உண்மையில் தங்கள் டெக்கின் கோணலைத்தான் திட்டுகிறார்கள். உங்களுக்கென்றே பதியும் கேசட்டுக்கு, பையாஸும் பதிவு அளவும் சரிசெய்த பிறகு, சி அல்லது எஸ் போடுங்கள். நண்பர்களுக்குக் கொடுப்பதற்கு பி, அல்லது எதுவும் வேண்டாம். எஸ் முத்திரை உள்ள டெக்கில் வேறொரு ஆதாயம் உண்டு. அந்த உரிமம் தர டால்பி நிறுவனம் டெக்கின் மொத்தத் தரத்துக்கே கடுமையான நிபந்தனை வைத்திருந்தது, அதனால் எஸ் எழுத்தைப் பார்த்தால் உள்ளே இருப்பதும் மோசமாக இருக்காது என்று எடுத்துக்கொள்ளலாம். எச்.எக்ஸ். புரோ என்று எழுதியிருந்தால் அது இரைச்சல் குறைப்பு அல்ல. பாட்டில் ட்ரெபிள் அதிகமாகும்போது பையாஸைத் தானே இறக்கிக் கொடுக்கும் ஏற்பாடு, பேங் அண்டு ஒலுஃப்சென் கண்டுபிடித்தது. பதியும்போது மட்டும் வேலை செய்யும், கேட்க எந்த டெக்கும் போதும். இருந்தால் நல்லது.

மெக்கானிசத்தில் இரட்டைக் கேப்ஸ்டன் இருந்தால் நல்லது. ஹெட்டுக்கு இருபுறமும் ஒரு சுழல் தண்டு டேப்பைப் பிடித்து இழுவையைச் சீராக வைக்கும். ஆனால் டேப்பை அந்தத் தண்டோடு அழுத்தும் ரப்பர் உருளைகளான பிஞ்ச் ரோலர்கள் இரண்டும் நல்ல நிலையில் இருக்க வேண்டும், ஒன்று இறுகிப்போனாலும் டேப்பை மென்றுவிடும். கேசட்டைத் திருப்பாமலே மறுபக்கத்தை ஓட்டும் ஆட்டோ ரிவர்ஸ் வேண்டாம். புரண்டு புரண்டு படுக்கும் ஹெட் ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் வந்து நிற்கும் என்று என்ன நிச்சயம்?

பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். சோனி டி.சி.-கே611எஸ் என் முதல் தேர்வு: மூன்று ஹெட், இரட்டைக் கேப்ஸ்டன், டால்பி எஸ், முகப்பிலேயே பையாஸும் பதிவு அளவும் சரிசெய்யும் குமிழ்கள். அதன் அண்ணன் டி.சி.-கேஏ3இஎஸ் கிடைத்தால் யோசிக்காதீர்கள். பயனீர் சி.டி.-எஸ்740எஸ் டேப்பைத் தானே சோதித்து பையாஸை வைத்துக்கொள்ளும், காதை நம்பாதவர்களுக்கு ஏற்றது. டெனான் டி.ஆர்.எம்.-740, ஐவா ஏ.டி.-எஃப்990, நாகமிச்சியே வேண்டும் என்றால் பி.எக்ஸ்.-300. இவற்றுக்குள் எது மேல் என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. சரியாகப் பராமரித்த ஐவா, பரணில் கிடந்த டிராகனைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ஆகவே நேரில் பார்த்து வாங்குங்கள், முடியாவிட்டால் வீடியோவாவது கேளுங்கள். டார்ச் அடித்து ஹெட்டைப் பாருங்கள். டேப் ஓடும் அகலத்துக்குப் பள்ளம் விழுந்து, ஓரத்தில் நகம் தட்டினால் அந்த ஹெட் முடிந்தது, மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு. சி-90 ஒன்றை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். கடைசியில் திணறினால் பெல்ட் அல்லது ஐட்லர் ரப்பர் போயிருக்கிறது. அது பயப்பட வேண்டிய பழுதல்ல, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். சில டெக்குகளில் பெல்ட் தார் போல உருகி ஒட்டிக்கிடக்கும். துடைக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஏற்கெனவே பாட்டு இருக்கும் கேசட்டில் உள்ளீடு இல்லாமல் வெறும் அமைதியைப் பதிந்து கேளுங்கள், பழைய பாட்டு ஆவி மாதிரி பின்னால் முணுமுணுத்தால் அழிக்கும் பக்கத்தில் கோளாறு. கீபோர்டில் பியானோ ஒலியில் ஒரு நீண்ட சுரத்தைப் பதிந்து கேளுங்கள். நடுங்கினால் கேப்ஸ்டனோ ரோலரோ சரியில்லை. நல்ல டெக்குகள் இந்த நடுக்கத்தை 0.05 சதவீதத்துக்குள் வைத்திருந்தன. பதிவில் ஒரு பக்கம் விட்டு விட்டு வந்தால், பழைய டெக்குகளில் பதிவு-ஒலிப்பு மாற்றும் நீளமான ஸ்விட்சில் களிம்பு பிடித்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்து முறை அசைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நம் கடலோர ஊர்களில் இது சகஜம், கேசட்டில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிப்பதும் அப்படியே. பூஞ்சணம் பிடித்த கேசட்டை டெக்கில் போடாதீர்கள், அடுத்து வரும் எல்லாக் கேசட்டுக்கும் அது தொற்றும்.

ஜப்பானிலிருந்து நேரடியாக வரவழைத்தால் அது 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து என்றால் 120. நம் 230-ல் சொருகினால் அந்த நொடியோடு கதை முடிந்தது. பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, அதற்கேற்ற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். நம்முடைய 50 ஹெர்ட்ஸால் வேகம் மாறுமா என்ற பயம் இந்தக் காலத்து டெக்குகளுக்கு வேண்டாம், அவற்றில் இருப்பவை பெரும்பாலும் டி.சி. மோட்டார்களே.

வீட்டுக்கு வந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஹெட்டையும் கேப்ஸ்டனையும் துடையுங்கள். ரப்பர் ரோலருக்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி போதும். தட்டைப் பதிய, டர்ன்டேபிளை நேரே டெக்கில் சொருகக்கூடாது, இடையில் தட்டின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப் வேண்டும். பழைய ஆம்ப்ளிஃபையரில் 'டேப் அவுட்' இருந்தால் அதிலிருந்து எடுங்கள். கீபோர்டின் லைன் அவுட்டை டெக்கின் லைன் இன்னில் கொடுங்கள், மைக் துளையில் அல்ல. எம்.பி.எக்ஸ். ஃபில்டர் என்ற சுவிட்ச் இருந்தால் தட்டுக்கும் கீபோர்டுக்கும் அணைத்து வையுங்கள், அது எஃப்.எம். ஸ்டீரியோவில் வரும் 19 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞையைத் தடுப்பதற்காக வைத்தது. ஃபெரிக் டேப்பில் அளவை மீட்டரின் 0-ஐ ஒட்டியே வைத்து, உச்சத்தில் மட்டும் +3 வரை போகவிடுங்கள். டிஜிட்டலில் 0-ஐத் தாண்டினால் வெட்டு விழும், டேப்பில் மெல்ல மெல்லத்தான் கரகரக்கும். தவில் பதியும்போது அந்தக் கொஞ்சம் கரகரப்பு எனக்குப் பிடிக்கும். அது என் பலவீனம், நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை.